பெரிய காட்டெறும்புகளைப் படமெடுப்பது: துரத்துவதா, காத்திருப்பதா?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பறவைகளைப் படமெடுத்துப் பழகிய நான் இப்போது எறும்புகள் பக்கம் திரும்பியிருக்கிறேன். வீட்டுச் சுவரில் ஊரும் வந்தேறி எறும்புகளில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், அந்தந்த மண்ணுக்கே உரிய பெரிய எறும்புகளைத்தான் தேடுகிறேன். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் ஒரு ஃப்ளாஷும் வைத்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், இவை நிற்பதே இல்லை. குனிந்தபடி பின்தொடர்ந்தால் கிடைப்பதெல்லாம் எறும்பின் பின்புறமும் கலங்கிய கால்களும்தான். முகம் தெளிவாக விழுந்தால் வயிறு மங்குகிறது. கறுப்பு உடலில் ஃப்ளாஷ் வெள்ளைப் பொட்டாகத் தெறிக்கிறது. எறும்பைப் பிடித்துச் சற்று நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் அசையாமல் நிற்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

கானகன்

தம்பி, பறவைக்குப் பின்னால் ஓடிப் படமெடுக்க முடியுமா? பழமரத்தடியிலோ நீர்நிலையோரத்திலோ காத்திருப்பீர்கள் அல்லவா? இங்கேயும் அதே வேலைதான். ஓடும் எறும்பை மறந்துவிடுங்கள். அது எங்கே நிற்கும் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

பெரிய எறும்புகள் நிற்கும் இடங்கள் உண்டு. முதலாவது, செடிகளின் தேன்சுரப்பிகள். பூவில் உள்ளவற்றைச் சொல்லவில்லை. இலைக்காம்பிலும் இலையடியிலும் தேன் சுரக்கும் செடிகள் ஏராளம். ஆமணக்கின் இலைக்காம்பில் சிறு குமிழ்களாக அவற்றை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். கட்டெறும்பு அங்கே வாயை வைத்துவிட்டால் உடனே நகராது. இரண்டாவது, அசுவினிகளும் மரத்தத்துப் பூச்சிகளும் கூட்டமாக அமர்ந்திருக்கும் இளந்தண்டு. கட்டெறும்புகள் அடங்கிய கேம்போனோட்டஸ் பேரின எறும்புகள் அவற்றை உணர்கொம்பால் தட்டித் தட்டி இனிப்புத் துளியை வாங்கும். அதே தண்டுக்கு மறுநாளும் வரும். நல்ல தண்டு ஒன்று கிடைத்துவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் வேறெங்கும் அலைய வேண்டாம்.

மூன்றாவது புற்று வாய். இதில் எச்சரிக்கை தேவை. வாயிலுக்கு நேரே அமர்ந்தால் உங்கள் நிழல் விழும், மூச்சுக்காற்று படும். மூச்சிலுள்ள கரியமில வாயு எறும்புகளுக்கு அபாய அறிகுறி. முகத்தை அருகில் கொண்டுபோய் ஊதிவிட்டு, "ஏன் இவ்வளவு வெறிகொண்டு வருகின்றன" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கமாக, காற்று எறும்பிடமிருந்து உங்களை நோக்கி வரும்படி உட்காருங்கள். தரையில் காலை உதைக்காதீர்கள். அதிர்வு அவற்றுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

இன்னொன்று, எறும்பு தன்னைத் துடைத்துக்கொள்ளும் நேரம். முன்னங்காலில் சீப்புப் போன்ற ஓர் அமைப்பு உண்டு. உணர்கொம்பை அதற்குள் விட்டு இழுத்துச் சுத்தம் செய்யும். புழுதியில் நடந்து வந்த எறும்பும் சண்டை முடித்த எறும்பும் இதைக் கட்டாயம் செய்யும். உங்களுக்கு ஐந்தாறு வினாடி கிடைக்கும், முகமும் பெரும்பாலும் உயர்ந்திருக்கும்.

பொடிநடை

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து எறும்பை அணுகுவது! புலி பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு மெனக்கெடுவதில்லை ஐயா.

நுண்வில்லை

கானகன் ஐயா சொன்னது களம் பற்றியது. கருவி பற்றி நான் சொல்கிறேன்.

இளவேனில், பெரிய எறும்பு என்பதே உங்களுக்குக் கிடைத்த சலுகை. அதைப் பயன்படுத்தாமல், எறும்பை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழவைக்கும் 1:1 உருப்பெருக்கத்துக்குப் போய்த் துன்பப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முழுச்சட்டக் கேமராவில் 1:1, எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு; எண் ஏறினால் துளை சிறுக்கும்) என்றால் தெளிவு விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதே எஃப் 11, பாதி உருப்பெருக்கம் என்றால் ஏறத்தாழ 4 மி.மீ. கிடைக்கும். 15 மி.மீ. எறும்பு பாதி உருப்பெருக்கத்தில் சென்சாரில் ஏழரை மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். படத்தை வெட்டிப் பெரிதாக்கினாலும் தாங்கும். சின்ன எறும்பு எடுப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

எஃப் எண்ணை 22, 32 என்று ஏற்றாதீர்கள். அண்மைப் படத்தில் துளை இன்னும் சிறியதாகவே வேலை செய்யும்: 1:1இல் எஃப் 11 வைத்தால் நடைமுறையில் எஃப் 22. அதற்கு மேல் போனால் ஒளி சிதறிப் படம் முழுவதும் மழுங்கும். ஆழம் கூடும், கூர்மை போய்விடும்.

ஷட்டர் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வினாடிக்கு 10 செ.மீ. ஓடும் எறும்பு 1/200 வினாடியில் அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். படம் கலங்குவதற்கு அது தாராளம். ஆனால் வெளிச்சம் முழுவதும் ஃப்ளாஷிலிருந்து வந்தால் கணக்கே வேறு. ஆற்றலைக் குறைத்து வைத்த ஃப்ளாஷ் 1/10,000 வினாடிக்கும் குறைவாகவே எரியும். அந்த நேரத்தில் எறும்பு நகர்வது 0.01 மி.மீ. ஷட்டரை 1/160 அல்லது 1/200இல் நிறுத்துங்கள். 1/1000 என்று ஏற்றினால் சாதாரண ஃப்ளாஷ் அதனோடு ஒத்துப்போகாது. சட்டத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

வெள்ளைப் பொட்டுக்கு மருந்து, ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர். ஒளி வரும் பரப்பு எறும்பைவிடப் பல மடங்கு பெரிதாகவும் எறும்புக்கு மிக அருகிலும் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளை வளைத்து லென்ஸின் முன்விளிம்புக்கு மேல் குடையாகக் கட்டினாலே போதும். காசு கொடுத்து வாங்கும் பல டிஃப்யூசர்கள் மேக்ரோவுக்குச் சிறியவை. ஒளியைச் சற்றே பக்கவாட்டிலிருந்து விழவிட்டால், வழுவழுப்பாகத் தெரிந்த கறுப்பு வயிற்றின் மேல் பொன்னிற மயிர்கள் எழுந்து நிற்பது தெரியும். பல இனங்களைப் பிரித்தறிய அந்த மயிர்தான் உதவுகிறது.

குவியத்தைக் கையால் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். தானியங்கிக் குவியம் எறும்பை விட்டுவிட்டு மண்ணைப் பிடிக்கும்.

குளிர்பெட்டி விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். சில நிமிடம் குளிர்வித்து, குவியத்தை மாற்றி மாற்றி முகத்தைப் பல அடுக்குகளாக எடுத்துச் சேர்த்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டால் எறும்பு எழுந்து நடந்துபோகிறது. இறப்பதில்லை. அதில் என்ன பாவம் என்று எனக்குப் புரியவில்லை.

கானகன்

பாவ புண்ணியத்தை விடுங்கள். படத்தைப் பாருங்கள். குளிர்ந்த எறும்பின் கால்கள் உள்ளே மடங்கியிருக்கும், உணர்கொம்புகள் தொங்கும், உடலில் நீர்த்துளி படிந்திருக்கும். எறும்பைத் தெரிந்தவன் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான், இது மயங்கிக் கிடந்தது என்று. கண்ணின் ஒவ்வொரு அறையும் தெரிகிறது, சரி. எறும்பு எங்கே?

முகத்தின் ஒவ்வொரு வரியும் வேண்டுமென்றால் பாடம் செய்த மாதிரிகள் இருக்கின்றன. ஆன்ட்வெப் தளத்தில் ஆயிரக்கணக்கான இனங்களை முகம், பக்கம், மேற்பக்கம் என்று மூன்று கோணங்களிலும் அடுக்கி எடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் அதையே அரைகுறையாகத் திரும்பச் செய்வதில் யாருக்கும் பயனில்லை. உயிருள்ள எறும்பைக் களத்தில் எடுப்பது, பாடம் செய்த மாதிரியால் சொல்ல முடியாததைச் சொல்வதற்காக. எதைத் தின்கிறது, எதைத் தூக்கிக்கொண்டு போகிறது, எதிரியைப் பார்த்தால் எப்படி நிற்கிறது, இதெல்லாம்.

நுண்வில்லை

பாடம் செய்த மாதிரியில் நிறம் மங்கிவிடும் ஐயா. கண்ணின் பளபளப்பு, கணுக்களின் இடையே தெரியும் மெல்லிய சவ்வு, இவை உயிருள்ள உடலில் மட்டும்தான் உண்டு. அதற்காகவாவது என் முறைக்கு இடம் கொடுங்கள். ஒரு புற்றின் ஆயிரக்கணக்கான வேலைக்காரிகளில் ஒன்று அரை மணி நேரம் தாமதமாக வீடு போனால் குடி முழுகிவிடாது.

கானகன்

ஆயிரக்கணக்கில் உள்ள புற்றில் முழுகாது. பெரிய எறும்புகள் பலவற்றின் கூட்டம் அவ்வளவு பெரிதல்ல. வேட்டையாடும் பொனரைன் வகைகளில் நூறு சொச்சம் எறும்புகளே கொண்ட புற்றுகள் சாதாரணம். அவற்றிலும் வெளியே வருவது ஒரு சிறு பங்குதான். நிறத்தைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

இளவேனில்

இருவருக்கும் நன்றி. வெள்ளைத்தாள் குடையைச் செய்து பார்த்தேன்; வயிற்றில் பொன்மயிர் இருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. உருப்பெருக்கத்தைப் பாதியாகக் குறைத்ததும் படங்கள் ஒரேயடியாகத் திருந்திவிட்டன.

இன்னொரு ஐயம். வேட்டையாடும் வகைகள் என்றீர்களே, தனியாக அலையும் எறும்புக்குத் தேன்சுரப்பியும் கிடையாது, அசுவினியும் கிடையாது. அதற்கு எங்கே காத்திருப்பது?

கானகன்

நல்ல கேள்வி. இங்கே ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஹார்ப்பெக்னாதோஸ் சால்டேட்டரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் தாவும் எறும்பு. 1851இல் இயற்கையியலாளர் ஜெர்டன் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டபோது விவரித்த இனம். முகத்தில் பாதியை அடைக்கும் கண்கள், மேல்நோக்கி வளைந்த நீண்ட தாடைகள். 10 செ.மீ. வரை தாவும். இரையைப் பிடிக்கவும் தாவும், தப்பிக்கவும் தாவும். சாரை போடாது, ஒவ்வொன்றும் தனியாகப் போய், கண்ணால் பார்த்து, சிலந்தியையோ சிறு வெட்டுக்கிளியையோ கொட்டி முடக்கி, தாடையில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்பும். அது போகும் வழியை நாம் கணிக்க முடியாது. திரும்பி வரும் இடத்தைக் கணிக்கலாம். புற்று வாய் தெரிந்தால் அதிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, தாழ்வாகப் படுத்துக் காத்திருங்கள். இரையோடு வருவது வேகம் குறைந்து, வழியில் நின்று நின்று வரும். கண்பார்வை கூர்மையானது என்பதால் உங்கள் கை அசைந்தால் திரும்பிப் பார்க்கும். அதுதான் நீங்கள் எடுக்க வேண்டிய படம்.

இந்த இனத்தில் மிக வியப்பானது நம் கேமராவுக்கு எட்டாமல் மண்ணுக்குள் நடக்கிறது. ராணி இறந்தால் வேலைக்காரிகள் உணர்கொம்புகளால் ஒன்றையொன்று அடித்துப் போட்டியிடும். வென்றவை முட்டையிடத் தொடங்கும். அப்போது அவற்றின் மூளை ஏறத்தாழக் கால் பங்கு சுருங்குகிறது. அந்தத் தகுதியை இழந்து மீண்டும் வேலைக்காரியானால் மூளை பழைய அளவுக்கே வளர்ந்துவிடுவதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆஸ்திரேலியாவின் மிர்மீசியா எறும்புப் பேரினம் இதற்கு நேர் எதிரான சிக்கல். அதை நீங்கள் தேட வேண்டாம், அதுவே உங்களைப் பார்த்துவிடும். ஒரு அங்குலம் வரை வளரும் இனங்கள் உண்டு. தலையைத் திருப்பி உங்கள் அசைவைக் கவனித்து, புற்றுக்கு அருகில் போனால் நேரே துரத்தி வரும். அங்கே 100 மி.மீ. லென்ஸும் போதாது, 150 அல்லது 180 நல்லது. 100 மி.மீ. லென்ஸில் 1:1 எடுக்கும்போது சென்சாருக்கும் எறும்புக்கும் ஏறத்தாழ 30 செ.மீ.; லென்ஸின் முனையிலிருந்து அளந்தால் அதில் பாதிதான் மிஞ்சும்.

டயாகாமா என்ற பொனரைன் எறும்பைத் தேடினால் வாயிலைச் சுற்றிச் சிறகுகளும் எறும்புப் பிணங்களும் கிடக்கிறதா என்று பாருங்கள். டயாகாமா ருகோசம் அவற்றை அலங்காரத்துக்காக வைப்பதில்லை. வறண்ட காலத்தில் விடியற்காலைப் பனி அவற்றில் படியும், எறும்புகள் அந்த நீரை எடுத்துக்கொள்ளும். எறும்பு ஆய்வாளர் மார்க் மோஃபெட் 1985இல் இதை விவரித்தார். வெயில் ஏறுவதற்கு முன் போனால் பனித்துளி கோத்த சிறகும் அதிலிருந்து நீரெடுக்கும் எறும்பும் ஒரே சட்டத்தில் கிடைக்கலாம்.

இரவுலாவி

எல்லோரும் பகலைப் பற்றியே பேசுகிறீர்கள். உண்மையான பெரியவர்கள் இருட்டிய பிறகுதான் வருவார்கள்.

தென்கிழக்காசிய மழைக்காடுகளின் டைனோமிர்மெக்ஸ் கைகாஸ் உலகின் மிகப் பெரிய எறும்புகளில் ஒன்று. வேலைக்காரி 20 மி.மீ., பெருந்தலை எறும்பு 28 மி.மீ. வரை. அந்தி சாய்ந்ததும் புற்றிலிருந்து வரிசையாகக் கிளம்பி மரமேறும். விடியும்போது வயிறு நிறைய இனிப்புநீரோடு இறங்கும். வீங்கிய வயிற்றின் வளையங்களுக்கு இடையே ஒளி ஊடுருவும் அந்த நேரத்தில் பின்னொளி வைத்து எடுத்துப் பாருங்கள்.

மிர்மீசியா பைரிஃபார்மிஸும் அப்படித்தான். மாலை வெளிச்சம் மங்கும் அந்தக் குறுகிய இடைவெளியில் பெரும்பாலானவை புற்றைவிட்டு வெளியேறிவிடும். இருட்ட இருட்ட மெல்ல நடக்கும், அதிக நேரம் நின்று நின்று போகும். சுற்றுப்புறத்தைக் கண்ணால் பார்த்தே வழி கண்டுபிடிப்பதால் வெளிச்சம் குறைந்தால் தயங்குகிறது. பகலில் நிற்காத எறும்பு இரவில் நிற்கும் என்பது படமெடுப்பவனுக்கு எவ்வளவு பெரிய கொடை!

வெளிச்சத்துக்குத் தலைவிளக்கில் சிவப்பு ஒளி பயன்படுத்துங்கள். எறும்பின் கண் புற ஊதா, நீலம், பச்சைப் பகுதிகளில் நன்றாக வேலை செய்யும், சிவப்பில் மிகவும் மந்தம். சிவப்பு ஒளியில் அவற்றின் போக்கு அதிகம் மாறாது. குவியம் வைக்க அது போதும், படத்துக்கு ஃப்ளாஷ். ஆனால் ஒரே எறும்பின் முகத்தில் விடாமல் ஃப்ளாஷை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். இரண்டு மூன்று எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுங்கள்.

செங்காந்தள்

தரையில் படுங்கள், இரவில் போங்கள், துரத்தும் எறும்பின் அருகே போங்கள் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். கொட்டினால் என்ன செய்வது என்று ஒருவரும் எழுதவில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவள் என்பதால் நான் எழுதுகிறேன்.

கேம்போனோட்டஸ், முசுறு போன்றவற்றுக்குக் கொடுக்கு இல்லை. கடித்து, அந்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பாய்ச்சும். முசுறுக் கூட்டுக்கு நேர்கீழே நின்று அண்ணாந்து எடுப்பவர்கள் கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். பொனரைன் வகைகள், மரத்தில் வாழும் டெட்ராபொனேரா, மிர்மீசியா இவை கொடுக்குள்ளவை. பெரும்பாலானவர்களுக்கு வலியும் வீக்கமும் வந்து அடங்கிவிடும். குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அப்படியல்ல. உடல் முழுவதும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சிரைப்பு, தலைச்சுற்றல் இவற்றில் எது வந்தாலும் படத்தை அங்கேயே விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உயிர்காக்கும் மருந்து அட்ரினலின். ஒவ்வாமை மாத்திரையை விழுங்கிவிட்டுப் பொறுத்துப் பார்ப்பது ஆபத்து. தாஸ்மேனியாவில் மிர்மீசியா பைலோசுலா கொட்டினால் கடும் ஒவ்வாமை ஏற்படக்கூடியவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர். இறப்புகளும் நிகழ்ந்திருக்கின்றன. அதற்காகவே அங்கே நஞ்சைச் சிறு அளவில் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது.

முன்பு ஒருமுறை கொட்டி உடம்பெல்லாம் தடித்திருந்தால் தனியாகப் போகவே போகாதீர்கள். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அழகாக இருக்காது, பரவாயில்லை.

பொடிநடை

காலுறைக்குள் காற்சட்டை, லென்ஸின் மேல் காகிதக் குடை, தலையில் சிவப்பு விளக்கு. எறும்புகள் நம்மைப் படமெடுக்காமல் இருந்தால் சரி.

இளவேனில்

அக்கா, தக்க நேரத்தில் எழுதினீர்கள், நன்றி. இனி துணையோடுதான் போவேன்.

படங்களை இயற்கைப் பதிவுத் தளங்களில் ஏற்றினால் பேரினம் தாண்டி யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். என்ன குறை?

நுண்வில்லை

கோணம்தான் குறை. மேலிருந்து எடுத்த படத்தில் எறும்பின் இடுப்பு மறைந்துபோகும். நேர் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் கட்டாயம் வேண்டும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள கணு ஒன்றா இரண்டா என்பதே முதல் பிரிப்பு. கேம்போனோட்டஸுக்கும் பொனரைன்களுக்கும் ஒன்று. மிர்மீசியா, டெட்ராபொனேராவுக்கு இரண்டு. ஒரு கணு உள்ளவற்றில், வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாம் வளையத்துக்கும் நடுவே இடுக்கம் தெரிந்தால் பொனரைனாக இருக்க வாய்ப்பு மிகுதி. வழுவழுவென்று ஒரே ஓட்டமாக இருந்து, வயிற்று நுனியில் சிறு மயிர்வட்டம் தெரிந்தால் கேம்போனோட்டஸ் குடும்பம்.

பிறகு முகம் நேராக ஒன்று, மேலிருந்து ஒன்று. கேம்போனோட்டஸ் என்றால் சிறிய வேலைக்காரி, பெருந்தலை இரண்டையும் எடுங்கள். ஒரே புற்றின் எறும்புகளே வெவ்வேறு இனங்கள் என்று தோன்றும் அளவுக்குத் தலை மாறும். அளவு தெரிய, எறும்பு போன பிறகு அதே இடத்தில் அளவுகோலை வைத்து, குவியத்தை மாற்றாமல் ஒரு படம்.

கானகன்

ஏற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அரிய, பெரிய எறும்பின் புற்று இருக்கும் இடத்தைத் துல்லியமாக வெளியிடாதீர்கள். எறும்பை யார் திருடப் போகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் கென்யாவில் ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளைப் பஞ்சடைத்த சோதனைக் குழாய்களில் வைத்திருந்தவர்கள் பிடிபட்டார்கள். பெரும்பாலானவை மெஸ்ஸர் செஃபலோட்டஸ் என்ற பெரிய விதைசேர் எறும்புகள். வெளிநாடுகளில் எறும்பு வளர்ப்பவர்களுக்கு விற்கக் கொண்டுபோனவை. மே மாதம் வந்த தீர்ப்பில் அவர்களுக்குத் தலா 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டத் தவறினால் 12 மாதச் சிறை. ஒரு ராணியை எடுத்தால் அது தொடங்கவிருந்த ஒரு குடியே போயிற்று. தளங்களில் இடத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

இளவேனில்

இன்று பார்த்த ஒன்றைக் கேட்கிறேன். ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தாடையில் கவ்வித் தூக்கிக்கொண்டு போயிற்று. சண்டையா, பிணமா, இரையா என்று புரியவில்லை.

பொடிநடை

கால்களை எண்ணினீர்களா? எட்டு இருந்தால் அது எறும்பே அல்ல. முசுறு வேடமிடும் மிர்மாபிளாட்டா சிலந்தியில் ஆணின் கொடும்பற்கள் முன்னோக்கி நீண்டிருக்கும். பெரிய எறும்பு சிறிய எறும்பைத் தூக்கிப்போவதைப் போலவே தெரியும். பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

இளவேனில்

எண்ணிவிட்டேன், ஆறுதான். கறுப்புக் கட்டெறும்பு, கணு ஒன்று. அதோடு ஒன்றிரண்டல்ல, அடுத்தடுத்துப் பல எறும்புகள் இப்படியே ஒரே திசையில் போயின. தூக்கப்பட்டது உருண்டையாகச் சுருண்டு, தூக்குவதன் தலைக்குக் கீழே அசையாமல் இருந்தது.

கானகன்

ஒரே திசை, சுருண்ட உடல் என்றால் குடிபெயர்கிறார்கள். கேம்போனோட்டஸ் போன்றவற்றில் புதிய இடம் தெரிந்த எறும்பு, தெரியாததைத் தூக்கிச் செல்லும். தூக்கப்படுவது கால்களையும் உணர்கொம்பையும் மடக்கிக்கொண்டு ஒத்துழைக்கும். சண்டையாக இருந்தால் கால்கள் விரிந்து உதறும், ஒன்று மற்றதைப் பின்னோக்கி இழுக்கும். பிணமாக இருந்தால் கால்கள் விறைத்துத் துருத்திக்கொண்டிருக்கும், போகும் இடம் குப்பைமேடு. டயாகாமாவாக இருந்திருந்தால் இப்படித் தூக்காது. முன்னால் போவதன் பின்புறத்தை உணர்கொம்பால் தட்டியபடி இன்னொன்று ஒட்டியே நடந்து வரும்.

நாளையும் நடக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையாக, அரிசி போன்ற பொதிகளைத் தூக்கி வந்தால் அவை முட்டைகள் அல்ல, கூட்டுப்புழுக்கள். ராணியும் நடுவில் நடந்து வரக்கூடும். மற்றவற்றைவிடப் பருத்த மார்பு, சூழ்ந்து நெருக்கியபடி வேலைக்காரிகள். அதைப் படமெடுக்க வழியை மறித்து உட்காராதீர்கள். பாதையில் கிடக்கும் சருகைக்கூட அகற்ற வேண்டாம், அதன் மேல் வாசனைத்தடம் இருக்கலாம்.

நுண்வில்லை

பழைய வாயிலும் வேண்டாம், புதிய வாயிலும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே பாதை ஏதாவது கல்லின் மேலோ வேரின் மேலோ ஏறி இறங்கும் இடத்தைத் தேடுங்கள். சுமையோடு ஏறும்போது வேகம் குறையும், பின்னணியும் எறும்பிலிருந்து விலகி மங்கும். லென்ஸை வேரின் மட்டத்துக்கு இறக்கி, பாதி உருப்பெருக்கத்தில் குவியத்தை நிறுத்திவிட்டு, பாதைக்குச் செங்குத்தாக உட்காருங்கள். தூக்குவதும் தூக்கப்படுவதும் ஒரே தளத்தில் வந்தால் இரண்டின் கண்களும் தெளிவாக விழும். ராணி வந்தால் எனக்கு உடனே சொல்லுங்கள். குளிர்பெட்டி கொண்டுவர மாட்டேன்.